அடியில் முத்திரை இருந்தால் அசல் குப்பியா?

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். பெய்ஜிங் போனபோது பான்ஜியாயுவான் சந்தையில், அகேட் கல்லில் செதுக்கிய மூக்குப்பொடிக் குப்பி ஒன்றைப் பார்த்தேன். அடியில் சியென்லுங் பேரரசரின் முத்திரை. அசல் என்று கடைக்காரர் சத்தியம் செய்கிறார். மறுபடி போகப்போகிறேன். வாங்கலாமா?

பதில்: பிடித்திருந்தால் புதுக் குப்பியின் விலைக்கு வாங்குங்கள். சியென்லுங் பெயருக்காக ஒரு காசுகூடச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். 1911க்கு முந்தைய கலைப்பொருட்களை நாட்டைவிட்டுக் கொண்டுபோகச் சீனச் சட்டம் பொதுவாக விடுவதில்லை. எனவே கடைக்காரரிடம், “விமான நிலையத்தில் பிடிப்பார்களா?” என்று கேட்டுப் பாருங்கள். “கவலையே வேண்டாம்” என்றால், குப்பியின் வயதை அவரே சொல்லிவிட்டார்.

சியென்லுங் ஆண்டது 18ஆம் நூற்றாண்டில். அவர் பெயரை அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் பொறித்திருக்கலாம், பொறித்தும் இருக்கிறார்கள். பழைய கல் குப்பிகளில் பெரும்பாலானவற்றுக்கு முத்திரையே கிடையாது. ஆகவே முத்திரையைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும்.

பார்க்க வேண்டிய இடம் குப்பியின் உள்பக்கம். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை காட்டும் மோஸ் அளவில் அகேட் 7ஐ ஒட்டியது. உளியெல்லாம் அதில் ஏறாது. துரப்பணத்தால் மேலிருந்து நேராக ஒரு துளை போட்டு, அதற்குள் வளைந்த கம்பியையும் ஈரமான உராய்வுத் தூளையும் விட்டு, பொறுமையாகத் தேய்த்துத் தேய்த்துத்தான் குடைந்தார்கள். சுண்டுவிரல் நுழையாத வாய் வழியாக, கண்ணுக்குத் தெரியாத தோள்பகுதியை உள்ளிருந்து அகலப்படுத்துவதுதான் பெரிய வித்தை. உயர்ந்த குப்பிகளில் உள்வடிவம் வெளிவடிவத்தை அப்படியே பின்பற்றும். சுவர் அவ்வளவு மெல்லியது என்பதால் சில குப்பிகள் காலியாக நீரில் மிதக்கும். உங்கள் குப்பியை விளக்குக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் நேர்த்துளை மட்டும் தெரிந்து தோள்பகுதி கல்லாகவே நின்றால் பெரிய விலை கேட்க அதில் ஒன்றுமில்லை. இன்று வைரமுனைக் கருவிகள் இருப்பதால், நன்றாகக் குடைந்ததெல்லாம் பழசு என்றும் ஆகிவிடாது.

அடுத்தது நிறம். கல்லிலேயே இருக்கும் கருந்திட்டைக் குரங்காகவோ பறவையாகவோ கண்டுபிடித்து, அங்கங்கே இரண்டு கோடு மட்டும் சேர்த்து உருவம் ஆக்குவது அகேட் குப்பிகளின் தனி அழகு. ஆனால் அகேட் சாயம் குடிக்கும் கல். சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்துக் கந்தக அமிலத்தில் போட்டால் கருப்பாகும். ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைனில் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைத் தொழிலாகச் செய்தார்கள். பத்து மடங்கு லென்ஸில் நிறம் விரிசல்களில் மட்டும் திரண்டு தெரிந்தால் ஒதுங்கிவிடுங்கள். காற்றுக்குமிழி தெரிந்தால் அது கண்ணாடி.

ஜேட் என்று சொல்லி விற்பதற்கு எடைச் சோதனை உதவும். கத்தியால் கீறாதீர்கள், குப்பிதான் கெடும். மூடியைக் கழற்றி, உள்ளே நீர் நிரப்பி, குமிழி இல்லாமல் நீருக்குள் தொங்கவிட்டு எடை பாருங்கள். வெளியே 66 கிராம் இருப்பது நீரில் 25 கிராம் குறைந்தால் அடர்த்தி 2.64, அது அகேட் வகை. ஜேட் என்ற பெயரில் வரும் கற்கள் இரண்டு: நெஃப்ரைட் 2.95 பக்கம், ஜேடைட் 3.3 பக்கம் வரும். உள்ளே ஓவியம் தீட்டிய குப்பியில் இந்தச் சோதனை கூடவே கூடாது. பர்மாவின் பச்சை ஜேடைட் சீனாவுக்கு ஏராளமாக வரத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். 1722இல் இறந்த காங்சி பேரரசர் காலத்து ஜேடைட் குப்பி என்று யாராவது நீட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

விளிம்பில் சில்லு போன வாயைத் தேய்த்துச் சமப்படுத்திவிடுவார்கள். கழுத்து உடலுக்குப் பொருந்தாமல் குட்டையாக இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

உண்மையாகவே பழையது வேண்டுமென்றால், கைமாறிய வரலாறு அச்சில் இருக்கும் குப்பியை ஏலத்தில் வாங்குங்கள். மேரி, ஜார்ஜ் பிளாக் தம்பதியின் மூக்குப்பொடிக் குப்பிச் சேகரிப்பை 2010 முதல் ஹாங்காங்கில் போன்ஹாம்ஸ் ஏல நிறுவனம் பகுதி பகுதியாக ஏலம் விட்டது. வாங்காவிட்டாலும் அந்தப் பட்டியல்களைப் புரட்டினால் கண் பழகும். ஏலத்தில் எடுத்த குப்பியின் மூடியோடு வரும் குட்டிக் கரண்டி தந்தமா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். தந்தமென்றால் அதைக் கழற்றிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். சுங்கத்தில் அந்தக் கரண்டியால் குப்பியும் மாட்டிக்கொள்ளலாம்.