வாசகர் கேள்வி – பதில்: கார் கிரில்லிலிருந்து லோகோவை அகற்றுவது எப்படி?

கேள்வி: எங்கள் ஹேட்ச்பேக் காருக்கு எட்டு வயதாகிறது. முன்பக்கக் கிரில்லின் நடுவிலுள்ள லோகோவில் குரோம் பூச்சு உரிந்து பார்க்கவே நன்றாக இல்லை. அதை எடுத்துவிட்டுக் கிரில் முழுவதையும் கறுப்பாக மாற்ற நினைக்கிறேன். திருப்புளியால் நெம்பினால் வந்துவிடும் என்கிறார்கள். இதை வீட்டிலேயே செய்யலாமா? ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆட்சேபம் எழுமா?
– மன்னார்குடி வாசகர்

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் முன்பக்கத்திலிருந்து திருப்புளியை நுழைத்து நெம்ப வேண்டாம் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். டிக்கியில் இருக்கும் எழுத்துகள் பெரும்பாலும் டபுள் சைடு டேப்பினால் ஒட்டப்பட்டவை. சூடு காட்டி, தூண்டில் நரம்பை அடியில் விட்டு இழுத்தால் அவை வந்துவிடும். கிரில் லோகோவைப் பெரும்பாலான கார்களில் பின்பக்கமிருந்துதான் பிடித்து வைத்திருப்பார்கள். அதன் முதுகில் பிளாஸ்டிக் கொக்கிகளோ, சிறு திருகுகளோ, முளைகளின் மேல் அழுத்தி ஏற்றிய தகட்டுப் பூட்டுகளோ இருக்கும். முன்னாலிருந்து நெம்பும்போது அந்தக் கொக்கிகள் விடுவதற்கு முன்பே கிரில்லின் மெல்லிய சட்டங்கள் பிளந்துவிடும். அதன்பின் புதுக் கிரில் வாங்குவதைத் தவிர வேறு வழியிருக்காது.

ஆகவே முதலில் கிரில்லைக் கழற்றுங்கள். என்ஜின் நன்றாகக் குளிர்ந்த பிறகு, சாவியை எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சில கார்களில் என்ஜினை நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலும். பானட்டைத் திறந்தால் கிரில்லின் மேல்விளிம்பில் கிளிப்புகளும் திருகுகளும் தெரியும். எந்தத் திருகு எந்த இடத்தில் இருந்தது என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது தடுமாற வேண்டியதில்லை. கிரில் தனியாக வராமல் பம்பரோடு சேர்த்தே இறக்க வேண்டிய கார்களும் உண்டு. அப்படிப்பட்ட காரில் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் திருகு இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வாகனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட், ஒருமுறை உடைத்தால் மறுபடி பயன்படாத பூட்டினால் பொருத்தப்படுவது. அதை வீட்டில் உடைப்பது முறையன்று.

இன்னோர் எச்சரிக்கை, புதிய கார் வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். முன்செல்லும் வாகனத்தின் தூரத்தை அளந்து தானாகவே வேகத்தைக் குறைக்கும் வசதியுள்ள சில கார்களில், ரேடார் கருவி லோகோவுக்கு நேர் பின்னால் அமர்ந்திருக்கும். ரேடார் அலை தடையின்றிச் செல்லும்படியே அந்த லோகோவைத் தயாரித்திருப்பார்கள். வேறு சில கார்களில் லோகோவை ஒட்டிக் கேமரா இருக்கும். இப்படிப்பட்ட கார்களில் லோகோவை அகற்றவோ அதன்மேல் பெயின்ட் அடிக்கவோ கூடாது.

கிரில் கையில் வந்தபின் கொக்கிகளைப் பின்பக்கமிருந்து ஒவ்வொன்றாக அழுத்தினால் லோகோ எளிதாகக் கழன்றுவிடும். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். லோகோ இருந்த இடத்தில் ஒரு பள்ளமும் சில துளைகளும், சில கிரில்களில் பெரிய ஓட்டையுமே மிஞ்சும். அதை அப்படியே விடலாமா என்றால், நம் ஊரில் கூடாது என்பேன். தையிலும் மாசியிலும் சம்பா அறுவடை நடக்கும்போது மன்னார்குடி, திருவாரூர்ச் சாலைகளில் நெல்லும் வைக்கோலும் காய்வதும், பதரும் சுணையும் காற்றில் பறப்பதும் தாங்கள் அறிந்ததே. ஏ.சி. கன்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பதால் அந்தத் தூசும் துரும்பும் முதலில் அதன் மெல்லிய தகடுகளில்தான் போய் அடையும்; ஏ.சி. குளிர்ச்சி குறையும், என்ஜின் சூடும் ஏறும். இதற்குப் பயந்து கொசுவலையை வைத்துக் கட்டுவதும் தவறு, ஏனெனில் அவ்வளவு நெருக்கமான கண்கள் காற்றையே மறித்துவிடும். பெரிய ஓட்டையாக இருந்தால், கார் அலங்காரப் பொருள் கடைகளில் கிடைக்கும் தேன்கூட்டுக் கண் அலுமினிய வலையை வெட்டிப் பின்பக்கமாகப் பொருத்துவது நல்லது.

பள்ளமும் துளையும் மட்டும் என்றால் பட்டி வைத்து மூடலாம். அதற்குமுன் கிரில்லின் பின்புறத்தில் அச்சாகியிருக்கும் எழுத்தைப் பாருங்கள். ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக் வகையின் பெயர் இருந்தால், உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கிய பின் இரண்டு பாகமாக வரும் எபாக்சி பட்டி பிடிக்கும். பி.பி. என்றிருந்தால் அது பாலிபுரொப்பிலீன். பட்டியும் பெயின்டும் அதில் எளிதில் ஒட்டா, ஒட்டினாலும் சில மாதங்களில் உரிந்து வரும். அதற்கென்றே உள்ள பிளாஸ்டிக் பிரைமரை முதலில் அடித்தாக வேண்டும். பட்டி இறுகியதும் 240-ஆம் எண் தாளில் தொடங்கி 400, 600 என்று தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். கிரில்லில் குரோம் பட்டை இருந்தால் அதன் பளபளப்பு முழுவதும் மங்கும்வரை தேய்க்காமல் பெயின்ட் அடிப்பதில் பயனில்லை. உரிந்த குரோமின் விளிம்பு பிளேடு போல வெட்டும் என்பதால் கையுறை அணிந்துகொள்ளுங்கள்.

பெயின்ட் அடிக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றின் ஈரம் மிகுந்திருக்கும்போது ஸ்ப்ரே பெயின்ட் வெளுத்துப் பூத்துவிடும். ஆடிக் காற்றிலோ புழுதி வந்து ஒட்டும். மாசி, பங்குனியில் பனி விலகிய காலை நேரம் ஏற்றது. சுமார் ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மெல்லிய பூச்சுகளாக, இடைவெளி விட்டு மூன்று நான்கு முறை அடியுங்கள். ஒரே பூச்சில் கறுப்பாக்க முயன்றால் வழிந்துவிடும்.

சட்டத்தைப் பொறுத்தவரை அஞ்ச வேண்டியதில்லை. பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்பதே 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. லோகோ அந்த விவரங்களில் ஒன்றன்று. காரின் உடல் நிறத்தை மாற்றுவதுதான் வேறு கதை. அதற்கு அனுமதி பெற வேண்டும்.

கேள்வி: டிக்கியில் இருந்த எழுத்துகளை எடுத்துவிட்டேன். பசை போகவில்லை, எழுத்தின் நிழலும் தெரிகிறது. பெட்ரோல் போட்டுத் துடைக்கலாமா?
– நாகப்பட்டினம் வாசகர்

பதில்: பெட்ரோலும் வேண்டாம், தின்னரும் வேண்டாம், இரண்டும் பெயின்டைக் கெடுக்கக்கூடியவை. ஹேர் டிரையரால் கை தாங்கும் அளவுக்குச் சூடேற்றி, கட்டைவிரலால் உருட்டினாலே பசையின் பெரும்பகுதி திரண்டு வந்துவிடும். மீதிக்கு கார்களுக்கென விற்கும் பசை நீக்கி போதும். பெயின்ட் உரிக்கும் வெப்பத் துப்பாக்கியைக் காட்டாதீர்கள். நிழல்போலத் தெரிவது வெயில் படாமல் பழைய நிறத்திலேயே நின்ற பகுதி. சுற்றியுள்ள வெளுத்த பரப்பை ரப்பிங் காம்பவுண்டால் தேய்த்தால் வேறுபாடு வெகுவாகக் குறையும்; பழைய காரில் முழுவதும் மறையும் என்று உறுதி சொல்ல மாட்டேன். எழுத்துகளின் அடியில் துளைகள் இருந்திருந்தால் அவற்றை உடனே அடைத்துவிடுங்கள். கடற்காற்று வீசும் உங்கள் ஊரில் திறந்த துளை விளிம்பில் துரு விரைவாகப் பிடிக்கும்.

கேள்வி: லோகோ இருந்த இடத்தில் நாச்சியார்கோவிலில் பித்தளையில் ஒரு மயில் வார்த்து வைக்க ஆசைப்படுகிறேன். செய்யலாமா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊரின் கைவேலையைக் காரில் வைக்க நினைக்கும் தங்கள் ஆசை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆயினும், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வார்ப்புச் சிற்பம் வேண்டாம். குறைந்த வேகத்தில் ஒருவர்மேல் கார் மோதினாலும் அந்த அலகும் கொண்டையும் பெருங்காயம் உண்டாக்கும். மெர்சிடிஸ் கார்களின் பானட் மீது நிற்கும் நட்சத்திரம்கூடத் தட்டினால் மடியும்படி ஸ்பிரிங்கில்தான் பொருத்தப்பட்டிருக்கும். மேலும், வார்ப்புப் பித்தளையின் எடையைக் கிரில்லின் பிளாஸ்டிக் நம் சாலைக் குலுக்கலில் நீண்ட நாள் தாங்காது. மெல்லிய பித்தளைத் தகட்டில் மயிலைச் செதுக்கச் சொல்லி, விளிம்புகளை உருட்டி மழுக்கி, கிரில் சட்டங்களைவிட வெளியே துருத்தாதபடி பின்பக்கமிருந்து திருகிப் பொருத்துங்கள். திருகு துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.