பல் மருத்துவம் படிக்க 22 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தில் ஒரு கூட்டுறவு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வயது 49. பிடித்தம் போகக் கைக்கு 55,000 ரூபாய் வருகிறது. மகள் நீட் எழுதினாள். எம்.பி.பி.எஸ். கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் இல்லை, பி.டி.எஸ். படிக்க ரொம்ப ஆசைப்படுகிறாள். ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் தருவதாகச் சொல்கிறார்கள். கட்டணம், விடுதி, கருவிகள் எல்லாம் சேர்த்து 30 லட்சம் ஆகும். வைப்புநிதியில் 8 லட்சம் இருக்கிறது, அடுத்த மாதம் முதிர்கிறது. மீதி 22 லட்சத்துக்கு வீட்டை அடமானம் வைத்துக் கல்விக் கடன் வாங்கலாம் என்று இருக்கிறேன். இடத்தைப் பிடித்து வைக்க 1 லட்சம் முன்பணம் கேட்கிறார்கள். நாட்டில் பல் டாக்டர்களுக்குப் பற்றாக்குறை என்று கல்லூரியில் சொல்கிறார்கள். சொந்தக்காரர்களோ தெருவுக்கு ஒரு பல் ஆஸ்பத்திரி இருக்கிறதே என்கிறார்கள். யார் சொல்வது சரி? மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான்.

பதில்: முதலில் அந்த 1 லட்சத்தைக் கட்டாதீர்கள். தமிழ்நாட்டில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களும் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு நடத்தும் கலந்தாய்வு வழியாகத்தான் நிரப்பப்படுகின்றன. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் டெல்லியிலுள்ள எம்.சி.சி. என்ற மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு நடத்தும் கலந்தாய்வு. எந்தக் கல்லூரியாலும் இடத்தைத் தனியாகப் பிடித்து வைக்க முடியாது. இப்படிப் பணம் கேட்பவர்கள் மற்ற கணக்குகளையும் எவ்வளவு நேர்மையாகச் சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, பற்றாக்குறை விஷயத்துக்கு வருவோம். நீங்கள் கேட்ட இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2020-21 கல்வியாண்டில் நாடு முழுவதும் ஏறக்குறைய 7,000 பி.டி.எஸ். இடங்கள் காலியாகக் கிடந்தன. நீட் தகுதி வரம்பைக் குறைத்தால் நிரப்பலாம் என்று மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். மத்திய அரசு அங்கே சொன்ன பதில் முக்கியமானது: நாட்டில் 6,080 பேருக்கு ஒரு பல் மருத்துவர் இருக்கிறார், 7,500 பேருக்கு ஒருவர் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவைவிட இதுவே மேல், அதனால் பற்றாக்குறை என்ற பேச்சுக்கு இடமில்லை. நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் வரம்பை 10 பெர்சென்டைல் (தேர்வெழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேரைவிட மேலே இருக்கிறோம் என்ற அளவு) குறைக்கச் சொன்னது. அதோடு நிறுத்தாமல், மாணவர்கள் சேர வேண்டுமானால் கட்டணத்தைக் குறைப்பது பற்றித் தனியார் கல்லூரிகள் யோசிக்க வேண்டும் என்றும் சொன்னது. இடங்கள் காலியாக இருந்ததற்குக் கட்டணமும் ஒரு காரணம் என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே பார்த்திருக்கிறது. உங்களைப் போன்ற அப்பாக்கள் கல்லூரி வாசலில் நிற்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்த 6,080 என்பது சராசரி. நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆண்டுக்கு 25,000-க்கும் மேல் பி.டி.எஸ். இடங்கள். கர்நாடகம், தமிழ்நாடு, மகாராஷ்டிரம், கேரளம் போன்ற சில மாநிலங்களிலேயே இவற்றில் பெரும்பங்கு இருக்கிறது. படித்து முடித்தவர்களும் நகரத்தில்தான் உட்காருகிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி நம் மக்களில் 100-க்கு 69 பேர் கிராமத்தில் இருக்கிறார்கள். பல் மருத்துவர்கள் அப்படிப் பரவியில்லை. உங்கள் சொந்தக்காரர்கள் சேலத்திலோ ஈரோட்டிலோ பார்த்த பலகைகள் உண்மை. கொல்லிமலையில் பல் வலி வந்தவர் பஸ் ஏறி இறங்கி வர வேண்டியிருப்பதும் உண்மை.

அப்படியானால் மகள் கிராமத்துப் பக்கம் போய்க் கிளினிக் வைத்தால் கூட்டம் வருமே என்று தோன்றும். இந்த இடத்தில்தான் நிறையக் குடும்பங்கள் கணக்கில் தவறுகின்றன. சொத்தைப் பல் எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஈறு வீக்கம், புகையிலையால் வரும் வாய்ப்புண், சர்க்கரை நோயாளிகளுக்கு ஆடும் பல் எல்லாம் இருக்கின்றன. தேவை மலையளவு. ஆனால் அந்தத் தேவை பணமாக மாறி டாக்டரின் நாற்காலியில் வந்து உட்கார வேண்டும். நம் ஊரில் பல் வைத்தியத்துக்குப் பெரும்பாலும் சொந்தக் காசுதான். சாதாரண மருத்துவக் காப்பீட்டு பாலிசிகள் விபத்தில் அடிபட்டால் தவிரப் பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. அதனால் வலி வந்தால் முதலில் கிராம்பு எண்ணெய், அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் ஒரு வலி மாத்திரை, கன்னம் வீங்கிய பிறகே டாக்டர். அப்போதும் ரூட் கேனால் செய்து கேப் போடலாம் என்றால், 'பிடுங்கிவிடுங்க டாக்டர்' என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அந்த மாதம் பள்ளிக் கட்டணம் இருக்கும், அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கும். பல் என்பது குடும்ப பட்ஜெட்டில் முதலில் தள்ளிப்போடப்படும் செலவு. உங்கள் வீட்டில் கடைசியாக யார், எப்போது பல் டாக்டரிடம் போனீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே கல்லூரிக்காரர் சொல்வதும் சொந்தக்காரர் சொல்வதும் ஒருவகையில் சரியே. ஆனால் நாட்டின் விகிதம் உங்கள் தவணையைக் கட்டப்போவதில்லை. மகளின் முதல் ஐந்து வருடச் சம்பளம்தான் கட்டப்போகிறது. அதைப் பார்ப்போம்.

பி.டி.எஸ். முடித்துப் பயிற்சியும் முடித்தவுடன் பெரும்பாலானவர்கள் இன்னொருவர் கிளினிக்கில் உதவி மருத்துவராகச் சேர்கிறார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வரும் குடும்பங்கள் சொல்லும் தொடக்கச் சம்பளம் மாதம் 15,000 முதல் 25,000 ரூபாய். கை பழகி, நோயாளிகள் பெயர் சொல்லித் தேடி வர ஆரம்பித்த பிறகு நன்றாக உயரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்குச் சில வருடங்கள் ஆகும். அரசுப் பணியிடங்கள் மிகக் குறைவு, அதை நம்பிக் கடன் வாங்க முடியாது.

இப்போது கடன். 22 லட்சத்தை நான்கு தவணையாக, ஆண்டுக்கு 5.5 லட்சம் என்று வங்கி கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். வட்டி 10.5%. படிப்பு 5 வருடம், அதற்கு மேல் ஒரு வருடம் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் அந்த 6 வருடமும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தனி வட்டியாகவே கணக்கிட்டாலும் சுமார் 10.4 லட்சம் சேர்ந்துவிடும். திருப்பிக் கட்டத் தொடங்கும் நாளில் கடன் 32.4 லட்சம். 10 வருடத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 43,700 ரூபாய். 15 வருடம் என்றால் மாதம் 35,800. மொத்தம் 64 லட்சத்துக்கும் மேல் கட்டியிருப்பீர்கள்.

20,000 சம்பளத்தில் 35,800 தவணை கட்ட முடியாது. அப்படியானால் மீதியை நீங்கள் கட்ட வேண்டும். அப்போது உங்களுக்கு 55 வயது. 15 வருடத் தவணை முடியும்போது 70. வீடு அதுவரை வங்கியில். மகள் வேலை தேடும் அதே வருடம் மகன் கல்லூரியில் சேருவான். ஒரு கூட்டுறவு ஊழியரின் குடும்பம் இத்தனையையும் ஒரே நேரத்தில் தாங்குவது மிகக் கடினம். இந்த 30 லட்சம் இடத்துக்கு என் பதில், வேண்டாம்.

பி.டி.எஸ். படிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெண் ஆசைப்பட்டுக் கேட்கிறாள், நல்ல தொழில், கையில் திறமை இருந்தால் வயதான காலம்வரை செய்யலாம். தமிழ்நாட்டில் முதியவர்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. பல் செட், விழுந்த பல்லின் இடத்தை நிரப்பப் பொருத்தும் பாலம், ஈறு சிகிச்சை இவற்றுக்கெல்லாம் வரும் வருடங்களில் தேவை இருக்கும். என்ன விலைக்குப் படிக்கிறாள் என்பதுதான் கேள்வி.

சென்னையில் 1953-லிருந்து இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய மூன்றிலும் கட்டணம் மிகக் குறைவு. அங்கே கிடைக்க மதிப்பெண் போதாது என்றால், தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களைப் பாருங்கள். அவற்றுக்குக் கட்டணக் குழு நிர்ணயிக்கும் தொகை நிர்வாக ஒதுக்கீட்டில் பாதிக்கும் குறைவாகவே இருந்து வருகிறது. அதே கல்லூரி, அதே பேராசிரியர்கள், அதே பட்டம். பல் மருத்துவத்தில் கடைசிச் சுற்றுகளில் இடங்கள் மிஞ்சுவது அடிக்கடி நடக்கிறது, அதனால் பொறுமையாகக் காத்திருப்பவர்களுக்கு வாய்ப்பு உண்டு. மகள் படித்தது அரசுப் பள்ளி என்றால் 7.5% உள் ஒதுக்கீடு பி.டி.எஸ்.-க்கும் பொருந்தும். நீங்கள் அதை எழுதவில்லை, அதனால் கேட்கிறேன்.

அப்படி ஓர் இடம் கிடைத்தால் கடனை 10 லட்சத்துக்குள் நிறுத்துங்கள். படிக்கும் காலத்திலேயே வட்டியை மாதாமாதம் கட்டிவிடுங்கள். முதல் வருடம் மாதம் 2,200 ரூபாய்க்குள் வரும், நான்காம் வருடம் 8,750. உங்கள் சம்பளத்தில் இது முடியும். இப்படிக் கட்டுபவர்களுக்கு வட்டியில் 1% சலுகை தரும் வங்கிகள் உண்டு, மாணவிகளுக்கு அரை சதவீதம் தனியாகக் குறைப்பதும் உண்டு. மேலாளரிடம் இரண்டையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சலுகையே இல்லாவிட்டாலும் 10 வருடத் தவணை 13,500 ரூபாய். முதல் சம்பளத்திலிருந்தே மகள் பெரும்பகுதியைக் கட்டலாம், கொஞ்சம் நீங்கள் கை கொடுக்கலாம். 7.5 லட்சத்துக்குள் அடக்க முடிந்தால் இன்னும் நல்லது, பொதுவாக வீட்டை அடமானம் வைக்கவே தேவையிருக்காது.

ஒரு நுணுக்கம். கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரிக் கழிவு 8 வருடங்களுக்கு மட்டுமே, அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே. வட்டி கட்டத் தொடங்கும் வருடத்திலிருந்து அந்த 8 வருடக் கணக்கு ஓடும். இதற்காக வட்டியைத் தள்ளிப்போடாதீர்கள். வரியில் மிச்சமாவதைவிட வட்டியில் போவது அதிகம்.

கடன் வாங்கும் நாளிலேயே கடன் தொகைக்குக் குறையாமல் உங்கள் பெயரில் ஒரு டேர்ம் பாலிசி, அதாவது இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு, எடுங்கள். நீங்கள் இணைக் கடனாளி. உங்களுக்கு ஏதாவது ஆனால் கடன் மகள் தலையில் விழும்.

கிளினிக் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் படிப்பு முடிந்ததும் அந்தப் பேச்சு வரும். உடனே வைக்க வேண்டாம். நாற்காலி, கம்ப்ரசர், எக்ஸ்ரே, கருவிகளைச் சுத்திகரிக்கும் ஆட்டோகிளேவ், கடைக்கு முன்பணம் என்று பெரிய தொகை போய்விடும், நோயாளிகள் மெதுவாகத்தான் வருவார்கள். குறைந்தது இரண்டு மூன்று வருடம் நல்ல கூட்டம் உள்ள ஒரு கிளினிக்கில் கை பழகட்டும். படித்துக்கொண்டிருக்கும்போதே விடுமுறையில் திருச்செங்கோடு, ராசிபுரம், பரமத்திவேலூர் என்று சுற்றி, எங்கே எத்தனை கிளினிக், வார நாளில் காத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று அவளே எண்ணிப் பார்க்கட்டும். நாட்டு விகிதத்தைவிட அந்தக் கணக்கு அவளுக்குப் பயன்படும்.

அடுத்த மாதம் முதிரும் 8 லட்சத்தில் 2 லட்சத்தை அவசரத் தேவைக்குத் தனியாக வையுங்கள், யார் கேட்டாலும் தொடாதீர்கள். மீதி 6 லட்சத்தை ஒரே வைப்பாகப் போடாமல், ஒவ்வொரு வருடக் கட்டணத் தேதிக்கும் முதிரும்படி மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். கலந்தாய்வின் கடைசிச் சுற்று முடிந்ததும் எந்த இடம், என்ன கட்டணம் என்று எழுதுங்கள். கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு ஒருமுறை சேர்ந்து கணக்குப் பார்த்துவிடலாம்.