கலப்படமா, அதன் சுபாவமே அப்படியா?

கேள்வி: டாக்டர், பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். நுண்ணுயிரியல் இறுதியாண்டு மாணவன். அம்மா பாசாரில் வாங்கி டப்பாவில் வைத்திருந்த கருவாட்டில் இளஞ்சிவப்பாகப் படை கட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு சிவப்புக் காலனியை எடுத்து, மூன்று முறை தட்டில் கோடிழுத்துத் தூய்மையாக்கி, எந்த இனம் என்று அடையாளம் காண உதவும் 16எஸ் மரபணுவை வரிசைப்படுத்தக் கொடுத்தேன். வந்த வரைபடத்தில் பல இடங்களில் இரண்டு எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கின்றன. மேற்பார்வையாளர், "கலப்படம், தூக்கிப் போடு" என்கிறார். பாக்டீரியாவுக்கு எதிரான மருந்துகளான ஸ்ட்ரெப்டோமைசினும் குளோராம்பெனிகாலும் போட்டுப் பார்த்தேன். அது பாட்டுக்கு வளர்கிறது. அறிக்கை கொடுக்க ஆறு வாரம்தான் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: தூக்கிப் போடாதீர்கள், தம்பி. முதல் வேலையாக, உப்பு ஊடகத்திலேயே கிளிசரால் கலந்து கொஞ்சத்தை ஆழ்குளிரில் பத்திரப்படுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் மேற்பார்வையாளர் சொன்னதில் தப்பில்லை. சாதாரண பாக்டீரியா என்றால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். 16எஸ் என்பது, செல்லில் புரதம் கோக்கும் இயந்திரமான ரைபோசோமின் சிறிய பாதிக்கு முதுகெலும்பாக இருக்கும் ஆர்என்ஏ. ஒரு செல்லில் அதன் மரபணு பல பிரதிகளாக இருந்தாலும் அவை ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று மாறினால் மற்றதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். 1977இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் இதே ஆர்என்ஏவை ஒப்பிட்டுத்தான், பார்வைக்குப் பாக்டீரியா போலிருக்கும் ஆர்க்கியா என்ற ஒற்றைச்செல் உயிர்களைப் பாக்டீரியாவிலிருந்து தனிக் கிளையாகப் பிரித்தார்கள். உங்கள் சிவப்புக் காலனியும் பெரும்பாலும் உப்பில் வாழும் ஓர் ஆர்க்கியாதான்.

ஆனால் சாக்கடலில் வாழும் ஹாலோஆர்குலா மாரிஸ்மார்டுயி என்ற ஆர்க்கியா, பிரதிகள் ஒன்றுபோல இருக்கும் இந்த வழக்கத்துக்கு அடங்குவதில்லை. அதனிடம் ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுத் தொகுதி மூன்று உண்டு. அவற்றில் ஒன்று மற்ற இரண்டிலிருந்து 16எஸ் பகுதியில் சுமார் 5 சதவீதம் வேறுபடுகிறது. 98.7 சதவீத ஒற்றுமைக்குக் கீழே போனாலே வேறு இனமாக இருக்கலாம் என்று வகைப்பாட்டியல்காரர்கள் சொல்வார்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால் ஒரே செல்லுக்குள் இரண்டு இனம் குடித்தனம் நடத்துகிறது! இரண்டு வகை ஆர்என்ஏவும் சும்மா கிடப்பதில்லை, வேலை செய்யும் ரைபோசோம்களில் இடம்பெறுகின்றன. ஹாலோஆர்குலா பேரினத்தில் இது குடும்ப வழக்கம். தாய்லாந்து மீன் சாற்றிலிருந்தும் இந்தப் பேரினத்தைப் பிரித்திருக்கிறார்கள், ஆகவே கருவாட்டில் அது வந்தால் ஆச்சரியமில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. கருவாட்டுச் சிவப்பு என்றதும் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஹாலோபாக்டீரியம் சாலினாரம். அதற்கு ரைபோசோம் தொகுதி ஒன்றே ஒன்றுதான். உங்கள் வரிசை அதோடு ஒத்துப்போனால், வரைபடத்தில் ஒரே இடத்தில் இரண்டு எழுத்து நிற்கும் அந்த இரட்டைச் சிகரம் நிஜமாகவே கலப்படம்தான். அதனால் எது நெருங்கிய உறவு என்று முதலில் பாருங்கள்.

ஹாலோஆர்குலா பக்கம் சாய்ந்தால், டிஎன்ஏவைப் படித்து ஆர்என்ஏ செய்யும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸின் பி-பிரைம் துணையலகு மரபணுவைப் பெருக்கி வரிசைப்படுத்துங்கள். உப்பு ஆர்க்கியாவை இனம் பிரிக்க இப்போது பலரும் அதைத்தான் நாடுகிறார்கள், ஏனென்றால் செல்லுக்கு ஒரு பிரதிதான். அதில் சிகரங்கள் ஒற்றையாக, சுத்தமாக வந்தால் உங்கள் தட்டில் இருப்பது ஒரே உயிர். அதிலும் இரட்டையாக வந்தால் மறுபடியும் கோடிழுக்க வேண்டியதுதான். ஒரு வாரத்தில் தெரிந்துவிடும், செலவும் அதிகமில்லை.

பிறகு 16எஸ் பிசிஆர் (டிஎன்ஏவைப் பிரதியெடுத்துப் பெருக்கும் முறை) விளைபொருளைக் குளோன் செய்து, அதாவது கலந்திருக்கும் துண்டுகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பெருக்கி, எட்டுப் பத்துக் குளோன்களைத் தனித்தனியாகப் படியுங்கள். திரும்பத் திரும்ப வரும் வரிசைகளை மட்டும் கணக்கில் எடுங்கள்; இரண்டு வகை கலந்திருக்கும்போது பிசிஆரே பாதி இது, பாதி அது என்று ஒட்டுப்போட்ட துண்டுகளை உண்டாக்கிவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை ஒன்று உண்டு, அதற்குக் காசே வேண்டாம். 16எஸ் தன்மேலேயே மடிந்து, எழுத்துக்கு எழுத்து (ஜி-க்கு சி, ஏ-க்கு யு) ஜோடி சேர்ந்து தண்டுகளாக நிற்கிறது. இரண்டு வகைகளும் வேறுபடும் இடங்களை அந்த மடிப்புப் படத்தில் குறித்துப் பாருங்கள். தண்டின் ஒரு பக்கம் ஜி இருந்த இடத்தில் ஏ வந்திருந்தால், எதிர்ப்பக்கம் சி இருந்த இடத்தில் யு வந்திருக்கிறதா? இப்படி ஜோடி ஜோடியாக மாறியிருந்தால் இரண்டுமே பரிணாமம் சலித்து எடுத்த, வேலை செய்யும் ஆர்என்ஏக்கள். வரிசைப்படுத்தும்போது நேரும் பிழைக்கு எதிர்ப்பக்கம் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது.

சரி, மருந்துக்கு வருவோம். அவை கொல்லாததில் வியப்பில்லை. அவை பாக்டீரியா ரைபோசோமுக்கென்று அமைந்தவை. எரித்ரோமைசின் என்ற இன்னொரு மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பாதியின் 23எஸ் ஆர்என்ஏவில், ஈ.கோலை பாக்டீரியாவின் வரிசையை வைத்து எண்ணினால் வரும் 2058ஆம் இடத்தில் பாக்டீரியாவுக்கு ஏ. உப்பு ஆர்க்கியாவுக்கு அங்கே ஜி, நமக்கும் ஜிதான். யேல் பல்கலைக்கழகத்தில் ஹாலோஆர்குலாவின் அந்த ஒரு எழுத்தை ஏ ஆக மாற்றினார்கள். மருந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அதே யேலில் 2000ஆம் ஆண்டு தாமஸ் ஸ்டைட்ஸ், பீட்டர் மூர் குழு இந்த உயிரின் பெரிய பாதியை 2.4 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) நுணுக்கத்தில் படம்பிடித்தது. புரதம் கோக்கும் மையத்தைச் சுற்றி 18 ஆங்ஸ்ட்ராம் தூரத்துக்குப் புரதமே இல்லை, வேலையைச் செய்வது ஆர்என்ஏதான் என்று அப்போது தெரிந்தது. (2009 நோபலில் ஸ்டைட்ஸ், அடா யோனத்துடன் பங்கு பெற்ற சிதம்பரத்துக்காரர் வெங்கி ராமகிருஷ்ணன் ஆராய்ந்தது வெந்நீர்ப் பாக்டீரியாவின் சிறிய பாதியை. இரண்டையும் குழப்பி எழுதிய கட்டுரைகளை நான் பார்த்திருக்கிறேன்.)

ஆக, அந்த மருந்துகளுக்குச் சாகவில்லை என்பதால் வளர்வது ஆர்க்கியாவாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்லலாம். இரண்டு ஆர்க்கியா கலந்திருக்கிறதா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. கொல்லித்தான் பார்க்க வேண்டும் என்றால் அனிசோமைசின் கொல்லும். ஆனால் அது நம் ரைபோசோமையும் தாக்கும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

செல்களைக் கழுவும்போது வெறும் தண்ணீர் படக்கூடாது. இந்த உயிர்கள் செல்லுக்குள் பொட்டாசியம் குளோரைடை நிரப்பி வைத்து, வெளி உப்பைச் சமாளிக்கின்றன. உப்பு குறைந்தால் செல் வெடிக்கும், ரைபோசோமும் குலையும். நுண்ணோக்கியில் பார்க்கப் போடும் கிராம் சாயத்துக்கு முன் 2 சதவீத அசிட்டிக் அமிலத்தில் நிலைப்படுத்துங்கள். டிஎன்ஏ எடுக்கும்போது இதே பலவீனம் உங்களுக்கு லாபம்: காய்ச்சி வடித்த நீரை ஊற்றினாலே போதும்.

இரண்டு வகை ரைபோசோம் எதற்கு என்று வாய்மொழித் தேர்வில் நிச்சயம் கேட்பார்கள். ஹாலோஆர்குலா மாரிஸ்மார்டுயியில் அந்த வேறுபட்ட தொகுதி 50 டிகிரி சூட்டில் கூடுதலாக இயங்குகிறது. சூடேறும் உப்புப் பாத்திக்கு ஒன்று, மற்ற நேரத்துக்கு ஒன்று என்று கருதுகிறார்கள். உங்கள் காலனியை 37 டிகிரியிலும் 50 டிகிரியிலும் வளர்த்து ஆர்என்ஏவை ஒப்பிட்டால் நல்ல அத்தியாயம் கிடைக்கும், ஆனால் ஆறு வாரத்தில் வேண்டாம். பாலிமரேஸ் மரபணு முடிவு வந்ததும் அந்த வரைபடத்தை 16எஸ் வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்து மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள். அதுவரை அவரோடு வாதாட வேண்டாம்.