லாவே இன்னும் அங்கேயேதான் இருக்கிறது

அண்ணனுக்கு வணக்கம்.

நான் தக்கலைக்காரன். எண்பதுகளின் கடைசியில் பள்ளியில் படிக்கும்போது, பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்த கிளாஸ் திட்டத்தில் வந்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரில் 'எலைட்' என்ற விண்வெளி விளையாட்டை ஆடியிருக்கிறேன். ரெக்கார்டு நோட்டின் பின்பக்கங்களில் கிரகங்களின் பெயரும் சரக்கு விலையும் எழுதிவைப்பேன். போன மாதம், பழைய கம்ப்யூட்டரைப் போலவே இயங்கும் எமுலேட்டர் என்ற மென்பொருளில் அதை மறுபடி ஓட்டினேன். உட்கார்ந்தவன் ராத்திரி இரண்டு மணிவரை எழுந்திருக்கவில்லை. பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் பார்த்துவிட்டு, "இதில என்னப்பா இருக்கு, வெறும் கோடு" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவன் ஆடுகிற விளையாட்டுகளில் சூரியன் மறைவதுகூட அசல் மாதிரியே இருக்கிறது. எனக்கு அந்த விளையாட்டுதான் பிடித்திருக்கிறதா, இல்லை பதினைந்து வயசு போய்விட்டதே என்ற ஏக்கமா? நீங்களும் அதை ஆடியவர் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

உங்கள் வாசகன்,
தக்கலை

அன்புள்ள தம்பி,

உங்களுக்கு அந்த விளையாட்டுதான் பிடித்திருக்கிறது. பதினைந்து வயதில் நாம் கொண்டாடிய எத்தனையோ விஷயங்கள் இன்று எடுத்துப் பார்த்தால் ஐந்து நிமிடம் தாங்குவதில்லை. வெறும் ஏக்கமாக இருந்தால் அந்த ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும். உங்களை இரண்டு மணிவரை உட்காரவைத்தது வேறு.

ஆடிப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எலைட் 1984 செப்டம்பரில் பிரிட்டனில் வெளிவந்தது. எழுதியவர்கள் டேவிட் பிராபென், இயன் பெல். இருவரும் அப்போது கேம்பிரிட்ஜ் ஜீசஸ் கல்லூரி மாணவர்கள். பிபிசி மைக்ரோவைத் தயாரித்த ஏகார்ன் நிறுவனத்தின் மென்பொருள் பிரிவான ஏகார்ன்சாஃப்ட் அதை வெளியிட்டது. அதே பிபிசி மைக்ரோதான் 1984-85ல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் நம் ஊர்ப் பள்ளிகளுக்கும் வந்தது. விளையாட்டில் நமக்கு ஒரு கப்பல், 100 கிரெடிட் பணம். லாவே என்ற கிரகத்தின் நிலையத்தில் தொடங்குகிறோம். சரக்கு வாங்கலாம், விற்கலாம், கொள்ளையரோடு மோதலாம், நாமே கொள்ளையராகலாம். அந்தக் காலத்து விளையாட்டுகள் பெரும்பாலும் மூன்று உயிர், ஒரு ஸ்கோர் என்று முடிந்துவிடும். இதில் அது எதுவும் கிடையாது. எங்கே போவது என்பது நம் பாடு.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கப்பல், நிலையம் எல்லாம் வெறும் கோடுகளால் வரைந்தவையாக இருந்ததால் நம் கற்பனை வேலை செய்தது, அதனால்தான் பிடித்தது என்று நிறையப் பேர் சொல்வார்கள். அது எனக்குப் போதவில்லை. கோடு போட்ட விளையாட்டுகள் அப்போது வேறும் இருந்தன. அவற்றை இன்று யார் தேடிப் போகிறார்கள்? எலைட்டை விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம், அது ஒரு இடம். படம் இல்லை, மேடை இல்லை, போய்வரக்கூடிய ஒரு இடம்.

எப்படி இடமானது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. அந்த கம்ப்யூட்டரின் நினைவகம் 32 கிலோபைட். திரைக்கும் அதிலேயே பங்கு கொடுக்க வேண்டும். எட்டு கேலக்ஸி, ஒவ்வொன்றிலும் 256 கிரகம், மொத்தம் 2048. இத்தனையையும் எழுதிவைக்க அதில் எங்கே இடம்? அதனால் அவர்கள் எழுதிவைக்கவே இல்லை. மூன்று எண்களை மட்டும் வைத்தார்கள். மூன்றையும் கூட்டு, வந்ததைக் கடைசியில் சேர், முதல் எண்ணைத் தள்ளு, மறுபடி கூட்டு. இப்படி உருண்டு வருகிற எண்களிலிருந்தே ஒரு கிரகம் வரைபடத்தில் எங்கே இருக்கிறது, அங்கே விவசாயமா தொழிற்சாலையா, ஜனநாயகமா சர்வாதிகாரமா என்பதெல்லாம் வந்துவிடுகிறது. பெயரும் அப்படித்தான். இரண்டிரண்டு எழுத்தாக ஒரு சின்னப் பட்டியல் உள்ளே இருக்கிறது. 'லா'வும் 'வே'யும் சேர்ந்து லாவே. 'டி'யும் 'சோ'வும் சேர்ந்து டிசோ. 'லே', 'எஸ்', 'டி' மூன்றும் சேர்ந்து லீஸ்டி. அடுத்த கேலக்ஸிக்குப் போக அந்தத் தொடக்க எண்களின் ஒவ்வொரு பைட்டையும் ஒரு பிட் சுழற்றுகிறார்கள், அவ்வளவுதான். பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம், பைட்டுக்கு எட்டு பிட். எட்டுத் தடவை சுழற்றினால் பழைய நிலை. எட்டாவது கேலக்ஸியிலிருந்து தாவினால் முதலாவதிலேயே போய் நிற்கிறோமே, அது அதனால்தான். இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

கணக்கு என்பதால் அது யாருக்கும் மாறாது. தக்கலையில் நீங்கள் பார்த்த டிசோவும் லண்டனில் ஒரு பையன் பார்த்த டிசோவும் ஒரே டிசோ. எழுதிய இரண்டு பேரும்கூட ஒவ்வொரு கிரகமாக உட்கார்ந்து படைக்கவில்லை. ஓட்டிப் பார்த்துத்தான் என்ன வந்திருக்கிறது என்று அவர்களும் தெரிந்துகொண்டார்கள்.

நம்ம கடற்கரையில் பெரியவர்கள் கரையில் தெரிகிற மலையையும் மாதா கோயில் கோபுரத்தையும் ஒரே நேரில் வைத்துப் பார்த்து, கடலுக்குள் மீன் கூடுகிற பார், அதாவது பாறைத் திட்டு, எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். பார் இடம் மாறாது. அதனால்தான் அப்பனுக்குத் தெரிந்தது மகனுக்குப் போகிறது. நீங்கள் ரெக்கார்டு நோட்டில் எழுதியதும் அந்த வகை அறிவுதான். நாகர்கோவிலில் எனக்கு வழி சொல்லித்தந்தவன் ஒரு கூட்டுக்காரன். டிசோ விவசாயக் கிரகம், அங்கே உணவுச் சரக்கு ஏற்று. லீஸ்டி தொழிற்சாலைக் கிரகம், அங்கே இறக்கு. திரும்பும்போது கம்ப்யூட்டர் ஏற்று. விலை கொஞ்சம் ஏறும், இறங்கும். வழி மாறாது. அவன் போய்வந்த வழியில் நான் போனேன், போனபோது அவன் சொன்னபடியே இருந்தது. ஒருவன் சொன்னதை நம்பி இன்னொருவன் போக முடிகிற உலகத்தைத்தான் இடம் என்கிறேன்.

இதில் இன்னொன்றும் உண்டு. முதலில் அவர்கள் போட்ட திட்டத்தில் கேலக்ஸிகள் எட்டு இல்லை. 2-ன் 48-ஆம் அடுக்கு, அதாவது ஏறக்குறைய 2.8 கோடி கோடி. ஏகார்ன்சாஃப்ட்தான் வேண்டாம், குறையுங்கள் என்றது. அவ்வளவு பெரிதாக வைத்தால் இது வெறும் கணக்கு என்பது வெளியே தெரிந்துவிடும் என்பது அவர்கள் கவலை. அந்த முடிவுதான் விளையாட்டைக் காப்பாற்றியது என்பது என் தீர்மானமான கருத்து. 256 கிரகத்தை ஒரு பையன் மனதில் வைத்துக்கொள்ளலாம். எங்கே கொள்ளையர் மொய்க்கிறார்கள், எங்கே நிம்மதியாக இறங்கலாம் என்று பழகிக்கொள்ளலாம். கோடி கோடியில் எதைப் பழகுவது?

2014ல் வந்த 'எலைட்: டேஞ்சரஸ்' நம் பால்வீதியையே எடுத்துக்கொண்டது. 40,000 கோடி நட்சத்திர மண்டலங்கள். இத்தனை வருடத்தில் ஆடியவர்கள் எல்லாரும் சேர்ந்து பார்த்தது அதில் ஒரு சதவீதம்கூட இல்லை. அது பிரமிக்கவைக்கிற வேலை, குறை சொல்ல எனக்கு மனம் வராது. உங்கள் மகன் ரசிக்கிற அந்தச் சூரிய அஸ்தமனத்துக்குப் பின்னாலும் எத்தனையோ பேருடைய உழைப்பு இருக்கிறது. ஆனால் யாருமே போகாத இடத்துக்குப் போவது ஒரு சுகம், எல்லாரும் போகிற இடத்தை நாமும் கண்டுபிடிப்பது வேறு சுகம். உங்களுக்குக் கிடைத்தது இரண்டாவது. எனக்கு அதுதான் பெரிது.

அப்புறம் ஆபத்து. நிலையத்துக்குள் இருக்கும்போதுதான் ஆட்டத்தைச் சேமிக்க முடியும். வெளியே கிளம்பிவிட்டால், சரக்கோடு மறுபடி ஒரு நிலையத்துக்குள் நுழையும்வரை சம்பாதித்ததெல்லாம் அந்தரத்தில். நுழைவதும் லேசில்லை. நிலையம் சுழன்றுகொண்டே இருக்கும். அதன் வாசல் ஒரு சின்னச் செவ்வகம். எஸ், எக்ஸ் விசைகளில் மூக்கை இறக்கி ஏற்றி வாசலுக்கு நேராக வந்து, கமாவிலும் புள்ளியிலும் கப்பலை உருட்டி அந்தச் சுழற்சிக்குச் சரியாக வைத்து, வேகத்தைக் குறைத்து, மெல்ல உள்ளே விட வேண்டும். கொஞ்சம் சரிந்தால் இடித்துச் சிதறும். ஒரு ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம் என்ற நிறைவு எனக்கு எந்த விளையாட்டிலும் இவ்வளவு துல்லியமாக வந்ததில்லை.

ஏக்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஏக்கமும் இருக்கத்தான் செய்யும். ஆனால் நாம் படித்த காலத்து நாகர்கோவிலுக்கு இனி நீங்களும் போக முடியாது, நானும் போக முடியாது. குளம் கிடந்த இடத்தில் கட்டடம் நிற்கிறது. லாவேக்குப் போகலாம். அதே மூன்று எண்கள், அதே கூட்டல், அதே இடம். போன மாதம் நீங்கள் செய்தது அதைத்தான்.

சரி, மகனுக்கு என்ன சொல்வது? "வெறும் கோடு" என்றானே, அந்தக் கோட்டிலிருந்தே தொடங்குங்கள். திரையின் மேல்பகுதி கறுப்பு வெள்ளையில் நுணுக்கமாக இருக்கும், கீழே கருவிகள் இருக்கிற பகுதி வண்ணத்தில் இருக்கும். அந்த கம்ப்யூட்டர் ஒரு நேரத்தில் நுணுக்கம் அல்லது வண்ணம் என்று ஒரு திரை முறையைத்தான் காட்டும். இவர்கள் திரை பாதி வரையப்பட்டிருக்கும்போதே, வினாடிக்கு 50 தடவை, முறையை மாற்றிவிட்டார்கள். இதைச் சொன்னால் அவன் இன்னொரு தடவை உற்றுப் பார்ப்பான்.

பார்த்ததும் உங்கள் இடத்தை அவனுக்கு விட்டுக்கொடுங்கள். நீங்கள் சேர்த்த பணத்தோடு இல்லை, புதுக் கமாண்டராக, 100 கிரெடிட்டில். முதல் நாள் எங்கேயும் போக வேண்டாம். நிலையத்தைவிட்டு வெளியே வந்து, திரும்பி, அதே வாசலுக்குள் நுழைந்தால் போதும். நிறையத் தடவை இடிப்பான், பக்கத்தில் இருந்து விசையைப் பிடுங்காதீர்கள். தானாக நுழைத்துத் தருகிற டாக்கிங் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறதே என்று அவன் கேட்டால், அது 1500 கிரெடிட் என்று சொல்லுங்கள். தொழில்நுட்பத்தில் முன்னேறிய கிரகத்தில்தான் கிடைக்கும். அது எந்தக் கிரகம் என்பதை அவனே தேடிப் போகட்டும்.

அன்புடன்.