பிளாஸ்டிக்கில் கரண்ட் வருமா?

கேள்வி: பிளாஸ்டிக்கிலும் சோலார் பனல் செய்கிறார்கள் என்று உயர்தரம் படிக்கும் மகன் சொல்கிறான். பிளாஸ்டிக் என்பது பல்பகுதியம் (பொலிமர்), அது கரண்ட் கடத்தாதே? எங்கள் தொடர்மாடியில் கூரை எங்களுக்கு இல்லை, கடல் பக்கம் பல்கனி மட்டும்தான். அது வரும்வரை காத்திருக்கலாமா?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: மகன் சொன்னது சரிதான் அக்கா. வயரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கடத்தாது. ஆனால் காபன் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வந்தால் இலத்திரன் அதன் வழியே நகரும். கடத்தும் பல்பகுதியங்களுக்காக ஹீகர், மக்டயர்மிட், ஷிரகாவா மூவருக்கும் 2000இல் நொபெல் பரிசே கிடைத்தது.

தலையிடி என்னவென்றால், இதில் ஒளி பட்டதும் இலத்திரனும் அது விட்டுப்போன துளையும் சோடியாக ஒட்டிக்கொண்டே திரியும். சுமார் 10 நனோமீற்றர் போவதற்குள் இன்னொரு பொருளின் விளிம்பு தட்டுப்பட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் திரும்பச் சேர்ந்து சக்தி வீணாகிவிடும். அதனால்தான் இலத்திரனைக் கொடுக்கும் பல்பகுதியத்தையும் வாங்கும் பொருளையும் கொத்து ரொட்டி மாதிரிக் கலந்து பூசுகிறார்கள். பெரிய துண்டாக இருந்தால் விளிம்பு எட்டாது, ஒரேயடியாகப் பொடியாகக் கொத்தினாலோ மின்னேற்றம் வெளியேறத் தொடர்ச்சியான பாதை இருக்காது.

பல்பகுதியத்தை வடிவமைப்பவர்களின் பாடு இங்கேதான். சங்கிலியில் இலத்திரனை விரும்பும் அலகையும் விட்டுக்கொடுக்கும் அலகையும் மாற்றி மாற்றிக் கோத்தால் சிவப்பு ஒளியையும் உறிஞ்சும். புளோரீன் அணு ஒன்றிரண்டைச் சேர்த்தால் வோல்ற்றளவு கொஞ்சம் ஏறும். பிரதான சங்கிலியில் தொங்கும் பக்கச் சங்கிலி இல்லாவிட்டால் கரைப்பானில் கரையாது, மை மாதிரிப் பூசவும் முடியாது; அதுவே பருத்துவிட்டால் சங்கிலிகள் நெருங்கி அடுக்காது, மின்னேற்றம் தாவாது. என்னைக் கேட்டால் மிகவும் சிக்கலான பகுதி அந்தச் சாதுவான பக்கச் சங்கிலிதான்!

1986இல் டாங் என்ற விஞ்ஞானி செய்த இரண்டடுக்குச் சோலார் கலத்தின் வினைத்திறன், அதாவது ஒளியை மின்னாக்கும் அளவு, சுமார் 1 சதவீதம், அது பல்பகுதியம்கூட இல்லை, சிறு மூலக்கூறுகள். 2019இல் பிஎம்6 என்ற பல்பகுதியமும் ஒய்6 என்ற, இலத்திரனை வாங்கும் பொருளும் சேர்ந்து 15.7 சதவீதம் தந்தன, இப்போது ஆய்வுகூடத்தில் 20ஐ ஒட்டி நிற்கிறது. ஆனால் அதெல்லாம் நகமளவு மாதிரிகளில், அக்கா. வெயில், ஒட்சிசன், ஈரப்பதன் மூன்றுமே இதற்கு ஆகாது, உங்கள் பல்கனியிலோ மூன்றுக்கும் குறைவில்லை.

காத்திருக்க வேண்டாம். தொடர்மாடி நிர்வாகத்தோடு பேசி, பொதுக் கூரையில் எல்லோருமாகச் சேர்ந்து வழக்கமான சிலிக்கன் பனலே போட முடியுமா என்று கேளுங்கள்.