கோடேறாமலே செய்யக்கூடிய வேலை

கேள்வி: திருகோணமலையில் ஓர் அரச திணைக்களத்தில் சட்ட உத்தியோகத்தராக இருக்கிறேன். என்னோடு படித்த தோழி இங்கேயே ஒரு வங்கியின் சட்டப் பிரிவில் வேலை. இருவருக்கும் வெளியில் வழக்குப் பேச அனுமதியில்லை. வசதியில்லாத சனத்துக்குச் சனிக்கிழமைகளில் இலவசமாக ஏதாவது செய்ய ஆசை. வழி உண்டா? – வாசகி, உவர்மலை

பதில்: தங்கச்சி, தாராளமாக உண்டு. சட்ட உதவி என்றால் கறுப்புக் கோட்டுப் போட்டு நீதவான் முன் நிற்பது மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்துச் சனத்தின் தலைவலியில் பெரும்பங்கு கடதாசிகளில்தான் இருக்கிறது.

மூதூர்ப் பக்கம் ஒரு பொதுமண்டபத்தில் உதவிக்கு இருந்தபோது ஓர் அம்மா வந்தார். சொப்பிங் பையிலிருந்து எடுத்தது கணவர் பெயரிலிருந்த காணி பெர்மிட், அதாவது அரச காணிக்கான அனுமதிப்பத்திரம். நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, ஒட்டிய செலோடேப் மஞ்சளாகிப் போயிருந்தது. 2006 யுத்த இடப்பெயர்வில் உடுதுணியோடு அதையும் தூக்கிக்கொண்டு ஓடியவர். கணவர் இறந்தபின், “காணி மூத்தவனுக்குத்தான், நீ இருக்கேலாது” என்று யாரோ சொல்லிவிட்டார்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, பெயர் எழுதப்படாவிட்டாலும் மனைவிக்கு அந்தக் காணியில் வாழ்நாள் உரிமை உண்டு. பின்னுரித்தாளரை (தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பெயர் குறிக்கப்படுபவரை) நியமித்திருந்தாலும் அது காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். இதைச் சொல்லி, பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க அரை மணித்தியாலம் ஆனது. அதுவரை இரண்டு வருடமாக அந்த அம்மா சரியாக நித்திரை கொள்ளவில்லை. பின்னுரித்தாளர் இல்லாத காணியில் ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை என்றிருந்தது 2022 திருத்தத்தோடு மாறிவிட்டதும் கிராமங்களில் பலருக்குத் தெரியாது.

சரி, உங்கள் இருவரின் நிலைமைக்கு வருவோம். முதலில் நீங்கள் திணைக்களத் தலைவரிடமும், தோழி வங்கியிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். அப்புறம், ஒருவரின் வேலைத்தலத்தோடு முட்டக்கூடியது மற்றவரிடம் போகிற மாதிரி வேலையை மாற்றிப் பிரித்துக்கொள்ளுங்கள். அரச காணி, பெர்மிட், 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் (14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்) இவையெல்லாம் தோழி பார்க்கட்டும். நுண்கடன், அடகு, பிணை நின்ற கையெழுத்து என்று வருபவர்களை நீங்கள் பாருங்கள். சொந்த வேலைத்தலத்தோடு முட்டுகிற விசயமென்றால் இருவருமே தொடக்கூடாது. இதில் நான் கண்டிப்பாகத்தான் சொல்வேன், ஏனென்றால் பின்னால் அடிபடுவது உங்களை நம்பி வந்தவர்தான். அமெரிக்காவில் 1996இல் ஜனாதிபதி கிளின்டனின் உத்தரவொன்று, அரச சட்டத்தரணிகள் தங்கள் சொந்த நேரத்தில் இப்படி உதவுவதை ஊக்குவிக்கச் சொன்னது. அங்கும் அரசாங்கத்துக்கு எதிராக அவர்கள் ஆஜராக முடியாது.

கணவன் செலவுக்குக் கொடுக்காத பெண்கள் வருவார்கள். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தை விளங்கப்படுத்தி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பள்ளிச் செலவுக் கணக்கு எல்லாம் ஒழுங்காக அடுக்கிக் கொடுங்கள். வழக்குப் போடுவதைச் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் விடுங்கள். 1978இலிருந்து அதற்கென்றே இருக்கும் அமைப்பு, திருகோணமலையிலும் நிலையம் உண்டு. முஸ்லிம் பெண்கள் என்றால், முஸ்லிம்களின் திருமண, தாபரிப்பு விசயங்களைப் பார்க்கும் காதி நீதிமன்றம் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

சிங்களம் வாசிக்கத் தெரியுமானால் அது பெரிய உதவி. தமக்கு விளங்காத மொழியில் எழுதிய முறைப்பாட்டில் ஒப்பம் வைத்துவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். அதை வரிவரியாகத் தமிழில் சொல்லிக் கொடுத்தாலே போதும்.

ஆணைக்குழு நிலையத்துக்கு இந்தக் கிழமையே போய், எந்தக் கிராமத்தில் ஆள் தேவை என்று கேளுங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை போதும், ஆனால் சொன்ன நாளில் போய்விடுங்கள். கிண்ணியாவிலிருந்தோ ஈச்சிலம்பற்றிலிருந்தோ பஸ் காசு கொடுத்து வருகிறவர்கள். மூலப் பத்திரத்தை ஒருபோதும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். அங்கேயே போட்டோ கொப்பி எடுத்துவிட்டு அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.