காரகோரம்: வாசகர் கேள்விகள் நான்கு

கே: காரகோரம் இமயமலையின் ஒரு பகுதிதானே?

பேச்சில் அப்படிச் சொல்லிவிடுகிறோம். புவியியலில் அது தனித் தொடர்; இமயமலைக்கும் அதற்கும் நடுவே சிந்துவும் ஷியோக்கும் ஓடுகின்றன. 8,000 மீட்டரைத் தாண்டிய 14 சிகரங்களில் நான்கு இங்கே, பால்டோரோ பனியாற்றின் தலைமாட்டில் நெருங்கி நிற்கின்றன.

கே: 8,611 மீட்டர் உயர சிகரத்துக்குக் ‘கே2’ என்றா பெயர் வைப்பார்கள்?

யாரும் வைக்கவில்லை, அப்படியே தங்கிவிட்டது. 1856இல் மாண்ட்கோமரி என்ற நில அளவையாளர், காஷ்மீரின் ஹரமுக் மலையிலிருந்து தூரத்தில் தெரிந்த சிகரங்களுக்கு கே1, கே2 என்று எண் போட்டார். ‘கே’ என்றால் காரகோரம். கே1க்கு மஷெர்ப்ரும் என்று ஊர்க்காரர்கள் வழங்கிய பெயர் கிடைத்தது. கே2வோ பனியாறுகளுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது; அந்தப் பாதையின் கடைசி ஊரான அஸ்கோலேயிலிருந்து பார்த்தால்கூடத் தெரியாது.

கே: முதலில் ஏறியது யார்?

1954 ஜூலை 31, இத்தாலியர்கள் லாசெடெல்லியும் கொம்பன்யோனியும். விடை இவ்வளவுதான். ஆனால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வேறு இருவர். உச்சிக்குப் போகிறவர்களுக்கான ஆக்சிஜன் உருளைகளைச் சுமந்து வந்த வால்டர் பொனாட்டியும் ஹுன்சாவைச் சேர்ந்த சுமைதூக்கி அமீர் மெஹ்தியும். உச்சிக்குப் போகிற இருவரும் கடைசி முகாமைச் சொன்ன இடத்தில் போடாமல் இன்னும் மேலே போட்டுவிட்டார்கள். இருட்டிவிட்டது. பொனாட்டியிடமும் மெஹ்தியிடமும் கூடாரமும் இல்லை, தூக்கப் பையும் இல்லை. சுமார் 8,100 மீட்டரில் பனியை வெட்டி உட்கார்ந்தே இரவைக் கழித்தார்கள். விடிந்ததும் இறங்கினார்கள். விட்டுப்போன உருளைகளை எடுத்துக்கொண்டுதான் மற்ற இருவரும் உச்சிக்குப் போனார்கள். மெஹ்தி பனிக்கடியால் கால்விரல்களை இழந்தார். பொனாட்டி மீது பழி வேறு விழுந்தது, உருளையிலிருந்த ஆக்சிஜனை அவரே பயன்படுத்திவிட்டார் என்று! முகமூடியே இல்லாமல் எப்படி உறிஞ்சுவது? அரை நூற்றாண்டு கழித்துத்தான் இத்தாலிய மலையேற்றச் சங்கம் அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டது.

கே: எவரெஸ்டில் 1980இலேயே குளிர்காலத்தில் ஏறிவிட்டார்களே, கே2வில் ஏன் இவ்வளவு தாமதம்?

எவரெஸ்டைவிட ஏறக்குறைய 8 பாகை வடக்கே இருக்கிறது. குளிர் கூடுதல், காற்று இன்னும் மோசம், ஏற்றமும் செங்குத்து. 14 சிகரங்களில் குளிர்காலத்தில் கடைசியாகப் பணிந்தது இதுதான்: 2021 ஜனவரி 16. ஏறிய பத்துப் பேரும் நேபாளிகள். உச்சிக்குச் சற்றுக் கீழே முன்னால் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். பின்னால் வந்தவர்களும் சேர்ந்த பிறகு, தேசிய கீதம் பாடிக்கொண்டே எல்லோரும் ஒன்றாக ஏறினார்கள்.